காதோரம் வந்து பேசும் குரல்: ஸோனலின் ‘ரெக்ட்’

18 வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவன் நான். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் பேரிங் எப்படி இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை, பேரிங் உட்கார்ந்திருக்கும் கூடான ஹவுசிங் மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொள்ள வேண்டும். சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் உள்ளே உருளும் குண்டுகளின் சத்தம் மட்டும் தனியாக மண்டைக்குள் வரும். நல்ல பேரிங் சீராக இரையும். போகப்போகிற பேரிங்கில் மணல் அரைபடும்.

‘ரெக்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டான ‘பாடி ஆஃப் வயர்’ ஆரம்பித்து அரை நிமிஷத்துக்குள் என் கை தானாகக் காதுக்கு முன்னால் போய்விட்டது. ஏதோ அரைபடுகிறது. எங்கே என்று பார்க்கச் சொல்லும் சத்தம் அது.

ஸோனல் என்பது இரண்டே பேர். ஜஸ்டின் பிராட்ரிக், கெவின் மார்ட்டின். இருவரும் இங்கிலாந்துக்காரர்கள். தொண்ணூறுகளில் ‘டெக்னோ அனிமல்’ என்ற பெயரில் சேர்ந்து இசை செய்தவர்கள், வெகு நாள் கழித்து இந்தப் பெயரில் மறுபடி சேர்ந்து, 2019இல் ரிலாப்ஸ் நிறுவனம் மூலம் இதை வெளியிட்டார்கள். மொத்தம் 12 உருப்படிகள். முதல் ஆறில் மூர் மதர் என்ற பெயரில் இயங்கும் ஃபிலடெல்ஃபியா கவிஞர் கமே அயேவாவின் குரல் வருகிறது. மீதி ஆறில் குரலே கிடையாது. ஆல்பத்தின் பலம், பலவீனம் இரண்டும் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கின்றன.

‘இண்டஸ்ட்ரியல்’ என்று பெயர் போட்ட இசை மேல் எனக்குப் பல வருஷமாக ஒரு மனக்குறை. 1976இல் த்ராபிங் கிரிசில் குழுவினர் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று சொந்த நிறுவனம் ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பெயர் புழங்குகிறது. நல்ல பெயர்தான். ஆனால் பிற்பாடு வந்த பலருடைய ‘தொழிற்சாலைச் சத்தம்’ தொழிற்சாலையில் கேட்கிற சத்தமே இல்லை. கடிகாரம் மாதிரி துல்லியமாக டம் டம் என்று அடித்தால் அது மெஷின் ஆகிவிடுமா? மெஷினுக்கு லோடு ஏறினால் வேகம் குறையும், பெல்ட் வழுக்கும். இரண்டு மோட்டார்கள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடினால் இரண்டின் இரைச்சலும் ஒன்றோடொன்று மோதி, ஏறி இறங்கி, ஊம்... ஊம்... என்று அலையடிக்கும். ராத்திரி ஷிஃப்டில் தூக்கம் கண்ணைச் சுற்றும்போது அந்த அலையை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

அந்த அலை இந்த ஆல்பத்தில் இருக்கிறது. ‘இன் எ கேஜ்’ பாட்டில் தாளத்துக்குக் கீழே ஒரு கனத்த முனகல் ஓடிக்கொண்டே இருக்கும். அது நிலையாக நிற்பதில்லை, மெதுவாகப் பெருத்துச் சிறுக்கிறது. அதன் மேல் விழும் அடியும் அவசரப்படாத அடி. ஒன்று விழுந்து, அடுத்தது இனி வராது என்று நினைக்கும் நேரத்தில் அடுத்தது விழும். ஒரு முறை இதை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் வந்தான். உட்காருவதற்கு முன்பே, “அண்ணே, கீழ் வீட்டுல தண்ணி மோட்டார் ஏதோ அடிக்குது, போய் நிறுத்தச் சொல்லுங்க” என்றான். இதைவிடப் பெரிய பாராட்டை நான் எழுதிவிட முடியாது.

பிராட்ரிக் பிறந்தது பர்மிங்ஹாமில். அதே ஊரின் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில்தான் பிளாக் சபாத் ராக் குழுவின் கிடார்காரர் டோனி அயோமி 17 வயதில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை மெஷினுக்குக் கொடுத்தார். அது அங்கே அவருக்குக் கடைசி வேலை நாள். சோப்புத் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டு வாசித்தார், பிறகு கம்பிகளையும் தளர்த்திக்கொண்டார். பிரஸ் ஷாப்பில் நின்றவன் யாரும் இந்தக் கதையைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியாது. அந்தத் தளர்ந்த, கனத்த கிடார் சத்தத்தின் வாரிசுகளில் ஒருவர் பிராட்ரிக். 1989இல் அவருடைய காட்ஃபிளெஷ் குழு ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ ஆல்பத்தில் டிரம்மருக்குப் பதிலாக டிரம் மெஷினையே உட்கார வைத்தது.

மார்ட்டின் வேறு வழியில் வந்தவர். அவருக்கு ஜமைக்காவின் டப் இசை மேல் தீராத பித்து. டப்பின் முன்னோடி கிங் டப்பி, கிங்ஸ்டனில் ரேடியோ, மின்சாதனங்கள் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். பதிவான பாட்டை எடுத்து, இதை நீக்கு, அதை நிறுத்து, இங்கே எதிரொலி போடு என்று பிரித்துப் பிரித்துச் செய்ததே அவருடைய கலை. ரிப்பேர்காரன் புத்தி அது. தேவையில்லாததைக் கழற்றினால்தான் உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியும். ‘ரெக்ட்’டில் இடைவெளிகள் இவ்வளவு இருப்பதற்கு அந்தப் பாடம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடைவெளிகளில் குரல் வந்து உட்காருகிறது.

சரி, அந்தக் குரலுக்கு வருவோம். ஷாப் ஃப்ளோரில் புதிதாகச் சேரும் பையன்கள் எல்லாரும் முதல் மாதம் கத்துவார்கள். மெஷின் கத்துகிறதே, அதைவிடப் பெரிதாகக் கத்தினால்தானே கேட்கும் என்று நினைப்பு. தொண்டை கட்டிப்போகும், ஒன்றும் கேட்காது. பழைய ஆட்கள் கத்தவே மாட்டார்கள். பக்கத்தில் வந்து, தோளில் கை வைத்து, வாயைக் காதுக்கு ஒட்டிக் கொண்டுவந்து, நாலே வார்த்தையைச் சாவகாசமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்.

மூர் மதர் அப்படிப் பழைய ஆள். ‘சிஸ்டம் எரர்’, ‘மெடுல்லா’ இரண்டிலும் அவர் பாடுவதே இல்லை. பேசுகிறார். தணிந்த குரலில், ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்க நேரம் எடுத்துக்கொண்டு பேசுகிறார். குரலில் கொஞ்சம் துரு ஏற்றியிருக்கிறார்கள், ஓரங்கள் கரகரக்கின்றன. ஆனாலும் பின்னால் அத்தனை டன் எடை நகர்ந்துகொண்டிருக்கும்போது அந்தப் பேச்சுதான் முன்னால் நிற்கிறது. கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அது சத்தத்தில் இல்லை, நிதானத்தில் இருக்கிறது. கத்துகிற ஃபோர்மேனைவிடக் கத்தாத ஃபோர்மேனுக்குத்தான் நாங்கள் பயப்படுவோம்.

இதோடு ஒப்பிட, இதே இருவர் டெக்னோ அனிமலாக 2001இல் செய்த ‘தி பிரதர்ஹுட் ஆஃப் தி பாம்’ ஆல்பத்தையும் எடுத்துக் கேட்டேன். அதில் விருந்தினர் பட்டாளமே உண்டு. எல்-பி, வாஸ்ட் ஏர், டாலெக், ஆன்டிபாப் கன்சோர்ட்டியம் என்று ராப் உலகின் கெட்டிக்காரர்கள். அங்கே குரலும் தாளமும் மல்லுக்கட்டுகின்றன. வார்த்தைகள் மளமளவென்று கொட்ட, அடி மேல் அடி விழ, யார் ஜெயிப்பது என்ற போட்டி. கேட்க உற்சாகம்தான், நடந்துகொண்டே கேட்கலாம். ஆனால் பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறுவதால் அந்த இடத்தில் யாரும் குடியிருப்பதாகத் தோன்றவில்லை, வந்து போகிறார்கள். ‘ரெக்ட்’டில் ஒரே குரல் ஆறு பாட்டுக்கும் தங்குகிறது. ஆறாவதான ‘நோ இன்வெஸ்ட்மென்ட்’ முடியும்போது அந்த ஆளை நமக்குத் தெரியும்.

அப்புறம் அவர் போய்விடுகிறார். இங்கேதான் எனக்கு வருத்தம். ‘டெப்ரி’யில் தொடங்கி குரல் இல்லாத ஆறு உருப்படிகள். ஒவ்வொன்றாக எடுத்தால் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் நாள் முழுசாக உட்கார்ந்து கேட்டபோது, ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் கிளம்பிப்போன பிறகு மெஷினை மட்டும் ஓடவிட்டுவிட்டார்களோ என்று இருந்தது. எட்டாவது, ஒன்பதாவது எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து, எது எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. குரலை ஆல்பம் முழுக்கப் பரப்பி, நடுநடுவே இந்த வெறும் இசையை வைத்திருக்கலாம். அப்படி நானே வரிசையை மாற்றிப் போட்டும் பார்த்தேன். மூன்று பாட்டுக்கு ஒரு தடவை குரல் ஓய்ந்து திரும்ப வந்தபோது இன்னும் நெருக்கமாக இருந்தது.

கேட்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. ஃபோன் ஸ்பீக்கரிலோ லேப்டாப்பிலோ போடாதீர்கள். கீழ்ச்சத்தம் மொத்தமும் காணாமல் போய், வெறும் கரகரப்பும் பேச்சும்தான் மிஞ்சும். காதை மூடும் ஹெட்ஃபோன் வேண்டும். ஆனால் ஒலியளவை ஏற்றிவிட ஆசை வரும், அங்கே ஜாக்கிரதை. 85 டெசிபல் சத்தம் என்றால் காது எட்டு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்று ஒரு கணக்கு உண்டு. 100ஐத் தொட்டால் கால் மணி நேரம்தான். இதைப் பயிற்சி வகுப்பில் சொன்னபோது சிரித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். இன்று என் இடக்காதின் ஆடியோகிராமில், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்து எழுகிறது. தட்டுச் சத்தங்களின் கூர்மை இடப் பக்கம் எனக்குச் சரியாக விழாது. எனவே ‘கேட்டலிஸ்ட்’ பாட்டின் கூர்மையான உச்ச ஓசைகளைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, நல்ல காது உள்ளவர்கள் எழுதட்டும்.

இந்த ஆல்பத்தை இப்போது இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். முதல் ஆறும் ஒரு நாள், விளக்கை அணைத்துவிட்டு, வேறு வேலை எதுவும் இல்லாமல். மீதி ஆறு, பழைய டேபிள் ஃபேனையோ மிக்ஸியையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காரும் மத்தியானங்களில். போன வாரம் ‘பிளாக் ஹோல் ஆர்பிட் ஜீரோ’ ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேனை மாட்டி சுவிட்சைப் போட்டேன். உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று கேட்க முடியவில்லை. பாட்டை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது. தேய்ந்துதான் இருந்தது.