அழுத்தம் எங்கே விழணும்? ஆறு வார ஆன்லைன் வகுப்பு எப்படி இருந்தது

ஆபீஸ் காலில் நான் 'டெவலப்மென்ட்' என்று சொன்னாலே எதிர்முனையில் 'சாரி?' என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் 1,800 ரூபாய் கட்டி இந்த ஆங்கில உச்சரிப்பு வகுப்பில் சேர்ந்தேன். நான் அழுத்தியது முதல் அசையில், அழுத்தம் விழ வேண்டியதோ இரண்டாவதில்: டி-வெ-லப்-மென்ட். பள்ளியில் தேமா, புளிமா என்று அசை பிரித்தவர்களுக்குப் பிரிப்பது பெரிய விஷயமில்லை. அழுத்தம்தான் தகராறு, தமிழில் அது பொருளை மாற்றுவதில்லையே.

ஆசிரியை கையில் ரப்பர் பேண்ட் மாட்டச் சொல்லி, அழுத்தும் அசையில் மட்டும் இழுக்கச் சொன்னார். வீட்டில் சிரித்தார்கள், ஆனால் வேலை செய்கிறது. 'போட்டோகிராஃப்' முதல் அசையில் இழுபடும், 'போட்டோகிராஃபர்' இரண்டாவதில், 'போட்டோகிராஃபிக்' மூன்றாவதில். அழுத்தம் நகர்ந்ததும் மற்ற உயிரெழுத்துகள் தேய்ந்து, 'போட்டோகிராஃபர்' முதல் அசை வெறும் 'ஃப' ஆகிவிடும். 'ஷன்', 'இட்டி' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை என்ற விதி ஒன்றுக்கே காசு தகும்: இன்ஃபர்மேஷனில் 'மே', யுனிவர்சிட்டியில் 'வர்'.

குறையும் உண்டு. 'இக்' என்று முடிந்தாலும் முந்தைய அசைதான், அதற்கு விலக்கே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள், அப்புறம் 'பாலிட்டிக்ஸ்' முதல் அசையில் அழுந்துவது என்ன கணக்கு? பயிற்சித்தாளில் 'கம்ஃபர்டபிள்' நான்கு அசை, பேச்சில் பெரும்பாலும் மூன்றுதான். கேட்டு அனுப்பிய மெயிலுக்கு இன்னும் பதில் வரவில்லை. மூன்றரை ஸ்டார்.