பனியை அளக்க ஒரு மழைமானியும் ஒரு வெள்ளைப் பலகையும்

நான்கு அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் மழைமானியை, ஈரி ஏரியை ஒட்டிய எங்கள் ஊரில் மூன்று குளிர்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரை 1997இல் வெள்ளம் தாக்கியதை அடுத்து, 1998இல் அங்கே தொடங்கப்பட்ட கோகோராஸ் என்னும் தன்னார்வ அமைப்பு தன் பதிவாளர்களுக்குப் பரிந்துரைக்கும் கருவி இதுவே. மழையைப் பொறுத்தவரை இதைக் குறை சொல்ல முடியாது. புனல் வழியே மழை இறங்கும் உட்குழாயின் குறுக்குப்பரப்பு, மானியின் வாய்ப்பரப்பில் பத்தில் ஒன்றே என்பதால், ஓர் அங்குல மழை அதற்குள் பத்து அங்குல உயரத்துக்கு நிற்கும். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட வெறுங்கண்ணால் படித்துவிடலாம்.

பனிக்காலத்தில் நிலைமை வேறு. புனலையும் உட்குழாயையும் முன்கூட்டியே கழற்றிவிட்டு, வெளிக்குழாயை மட்டும் வைக்க வேண்டும். முதல் ஆண்டு நான் இதை மறந்ததால், தேங்கிய நீர் உறைந்து உட்குழாய் விரிசல் விட்டது. அது என் கவனக்குறைவே அன்றிக் கருவியின் குற்றமன்று. கருவியின் உண்மையான குறை காற்றில்தான் தெரிகிறது. குழாயின் விளிம்பில் மோதி மேலெழும் காற்று இலேசான பனித்துகள்களையும் உடன் கொண்டுபோய்விடுவதால், புயல் வேளையில் உள்ளே விழுவது தரையில் விழுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆகவே பனியின் உயரத்தை அளக்க, இரண்டடிச் சதுர ஒட்டுப்பலகை ஒன்றுக்கு வெள்ளை வண்ணம் பூசி, வீட்டையும் மரங்களையும் விட்டுத் தள்ளி வைத்திருக்கிறேன். வெயிலில் சூடேறிப் பனி உருகாதிருக்கவே அந்த வெண்மை. அருகில் ஒரு கொடிக்குச்சியும் கட்டாயம் வேண்டும்: 2016 ஜனவரிப் பனிப்புயலில் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் அளவுப்பலகையே பனிக்குள் புதைந்துபோக, அங்கே பதிவான 17.8 அங்குலம் சர்ச்சைக்கு உள்ளாயிற்று.

பலகையை அடிக்கடி துடைக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். விழுந்த பனி தன் எடையாலேயே அமுங்கும். மணிக்கொரு முறை அளந்து துடைத்துக் கூட்டினால் மொத்தம் ஊதிப்போகும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதே உச்சவரம்பு. நியூயார்க் மாநிலத்தின் மாண்டேகில் 1997 ஜனவரியில் 24 மணி நேரத்தில் பதிவான 77 அங்குலம், அந்த வரம்புக்கும் மேலான தடவைகள் அளந்து கூட்டப்பட்டது என்பதால்தான் தேசியச் சாதனையாக ஏற்கப்படவில்லை.

மழைமானி தன் குறையை ஈடுசெய்வதும் இந்தப் பலகையின் மேல்தான். வெளிக்குழாயைக் கவிழ்த்துப் பலகைவரை அழுத்தி, அடியில் தட்டைக் கரண்டியைச் செருகித் தூக்கினால், புட்டுக்குழாய்க்குள் இருப்பதுபோல் பனி முழுதாக வந்துவிடும். அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, ஊற்றிய அளவைக் கழித்தால் மிஞ்சுவது பனியிலிருந்த நீர். பத்து அங்குலப் பனிக்கு ஓர் அங்குல நீர் என்று பொதுவாகச் சொல்வார்கள்; ஈரப்பனிக்கும் உலர்பனிக்கும் அந்தக் கணக்கு எவ்வளவு மாறுகிறது என்பதை இப்படி உருக்கிப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

வாங்குபவர்கள் கூடுதலாக ஒரு வெளிக்குழாயையும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது. நிரம்பியதை உள்ளே கொண்டுவந்து உருக்கும் வேளையிலும் வெளியே பனி கொட்டிக்கொண்டுதான் இருக்கும்.