பயிற்சி யாருக்கு: ஆட்டிசம் உள்ள குழந்தைக்கா, வகுப்புத் தோழர்களுக்கா?

பள்ளி இடைவேளையில் தனித்து நிற்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு உதவ இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, அந்தக் குழந்தையைத் தனியே அழைத்து, விளையாட்டில் சேர்வது, பேச்சைத் தொடங்குவது, அடுத்தவர் பேச இடம்விடுவது போன்றவற்றைத் தெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பது. இரண்டாவது, ஒதுங்கி நிற்பவரை எப்படி அழைப்பது, உடனே பதில் வராவிட்டால் எப்படிக் காத்திருப்பது என்று வகுப்பின் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. பள்ளியைப் பொறுத்தவரை இரண்டாவதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்விரண்டையும் ஒரே ஆய்வில் ஒப்பிட்டவர், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கோனி கசாரி. அவரது குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான வகுப்புகளில் படித்த, 6 முதல் 11 வயது வரையிலான 60 குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். சிலருக்கு நேரடிப் பயிற்சி, சிலருடைய வகுப்புத் தோழர்களுக்குப் பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. வாரம் இருமுறை, 20 நிமிடம் வீதம் 6 வாரம் மட்டுமே நடந்த இந்தப் பயிற்சியில், தோழர்கள் பயிற்சி பெற்ற பிரிவுகளில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குழந்தைகளைத் தம் நண்பர்களாகக் குறிப்பிட்டவர்கள் கூடினர், மைதானத்தில் தனிமை குறைந்தது. 12 வாரம் கழித்தும் பலன் மறைந்துவிடவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. அமைதியான அறையில், பொறுமையான பெரியவர் ஒருவரிடம் பழகிய வாக்கியம், இரைச்சலும் நொடிக்கொரு முறை மாறும் விளையாட்டு விதியும் நிறைந்த மைதானத்தில் கைகொடுப்பதில்லை; கைகொடுத்தாலும், அதைக் கேட்டுப் பதில் சொல்ல எதிரே ஒருவர் வேண்டும். ஆட்டிசம் உள்ளவரும் ஆராய்ச்சியாளருமான டேமியன் மில்டன், புரிதல் குறைவு ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இரு தரப்பிலும் இருக்கிறது என்று 2012-இல் வாதிட்டார். எடின்பரோவில் பெரியவர்களிடையே நடந்து 2020-இல் வெளியான ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது: ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கடத்தியபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் மற்றவர்களுக்கு நிகராகவே கடத்தினர், இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் செய்தி அதிகம் தேய்ந்தது. அப்படியிருக்க, திருத்தத்தின் சுமை முழுவதையும் ஒரு குழந்தையின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

நேரடிப் பயிற்சி வீண் என்பதல்ல. வளரிளம் பருவத்தில், பிள்ளையே நட்பை விரும்பிக் கேட்கும்போது, பெற்றோரையும் உடன் பயிற்றுவிக்கும் பியர்ஸ் போன்ற திட்டங்கள் நல்ல பலன் தந்துள்ளன. ஆனால் கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவதையும், கையசைவை அடக்கச் சொல்வதையும் சமூகத் திறன் என்ற பெயரில் ஏற்க முடியாது.

தோழர் வழிக்கும் குறை உண்டு. கசாரியின் ஆய்விலேயே, இருவரும் ஒருவரையொருவர் நண்பர் எனக் குறிப்பிட்ட நட்புகள் குறைவாகவே இருந்தன. மேற்பார்வை இல்லாவிட்டால், தோழர்கள் நண்பர்களாக இராமல் குட்டி ஆசிரியர்களாகிவிடவும் கூடும். பேச்சு வராத குழந்தையாயின், அது பயன்படுத்தும் பட அட்டையையோ டேப்லெட்டையோ வாசிக்கத் தோழர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, பள்ளியிடம் ஒன்றே ஒன்று கேட்க முடியுமானால், வாரம் இருமுறை மதிய இடைவேளையில், குழந்தைக்குப் பிடித்த ரயிலோ வரைபடமோ எதுவோ, அதைச் சுற்றி மூன்று நான்கு வகுப்புத் தோழர்கள் கூடும் நேரம் ஒன்றையும், அருகிருந்து கவனித்து மெல்ல விலகிக்கொள்ளும் ஆசிரியர் ஒருவரையும் கேளுங்கள்.