வேருக்குள் வைக்கும் பசையில் எது கசிகிறது?

ரூட் கெனால் என்றதும் "வலிக்குமா, கேப்புக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறோம். உள்ளே எதை வைத்து அடைக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. சுத்தம் செய்த வேர்க்குழாயில் செருகும், ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா குச்சி பெரிதாகத் தொல்லை தராது. குச்சிக்கும் பல்லின் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைக்கும் சீலர் பசையைத்தான் கவனிக்க வேண்டும். வேர் நுனியைத் தாண்டினால் அது எலும்பையும் நரம்பையும் தொடும்.

முதலில் பழைய ஆள்: துத்தநாக ஆக்சைடு-யூஜினால் பசை. பல் கிளினிக்கில் மூக்கில் ஏறும் கிராம்பு வாசனை, கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலுடையது. துத்தநாக ஆக்சைடு பொடியைக் கண்ணாடிப் பலகையில் அதோடு குழைத்து, கரண்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள். பாகு கம்பிப் பதத்துக்கு வருவதுபோல ஒரு அங்குலம் நூலாக இழுபட்டால் சரி. இறுகிய பிறகும் ஈரம் பட்டால் யூஜினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வரும். சிறிதளவு வந்தால் வலியை அடக்கும், அதிகமானால் செல்களைக் கொல்லும். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு.

அடுத்தது என்2. சுவிட்சர்லாந்தின் ஆஞ்செலோ சர்ஜென்டி பரப்பிய இந்தப் பசையில், பார்மால்டிஹைடை வெளியிடும் பாராபார்மால்டிஹைடு சுமார் 6.5% இருந்தது. மிச்சமிருக்கும் திசுவை அது பதப்படுத்திவிடும் என்பது கணக்கு. ஆனால் உயிருள்ள திசுவையும் அது விட்டுவைப்பதில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லின் நுனி வழியாக நரம்பின் மேல் வழிந்து, உதடு நிரந்தரமாக மரத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். தாடை எலும்பு அழுகியதும் உண்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு அனுமதி தரவே இல்லை, அங்குள்ள வேர் சிகிச்சை நிபுணர்கள் சங்கமும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது உண்மைதான். ஆனால் அது முக்கியமாக நீண்ட காலம் சுவாசித்தவர்களை வைத்து எடுத்த முடிவு. பல்லைப் பொறுத்தவரை என் பயம் புற்றுநோய் அல்ல, இந்த நரம்புச் சேதம்தான். யார் சிபாரிசு செய்தாலும் இதை வேண்டாம் என்றே சொல்வேன்.

பார்மால்டிஹைடு என்ற பெயரைக் கேட்டதும் எபாக்சி பிசினில் செய்யும் ரெசின் சீலர்களையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். அது நியாயமில்லை. அவற்றில் பழையதான ஏஎச் 26-இல் இறுக வைக்கும் ஹெக்சமீன் சிதையும்போது பார்மால்டிஹைடு வரும். ஆனால் என்2-வைவிட மிகக் குறைவு, அதுவும் இறுகும் முதல் சில நாட்களில்தான். பிறகு வந்த ஏஎச் பிளஸில் வேறு அமீன்களைச் சேர்த்ததால் வெளியாவது மிகமிகச் சொற்பம். இறுகியபின் அவ்வளவாகக் கரையாது என்பது இதன் பெரிய பலம். எபாக்சி ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இப்போது பேசப்படுவது பயோசெராமிக் என்ற கால்சியம் சிலிகேட் சீலர். 1990-களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் குழு கொண்டுவந்த எம்டிஏ சிமெண்ட்டின் வழியில் வந்தது. பல்லின் ஈரத்திலேயே இறுகும். இதிலிருந்து கசிவது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோவது நமக்குத் தெரியும். இதுவும் தொடக்கத்தில் பிஎச் 11, 12 என்ற கடும் காரத்தன்மை வரை போய் அருகிலுள்ள செல்களை எரிச்சலூட்டும். அப்புறம் திசுநீரிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து, எலும்பில் இருப்பது போன்ற கனிமப் படலமாகிவிடும். ஆக, "முழுக்க இயற்கை, தீங்கே இல்லை" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். சீலர் எவ்வளவு கரையலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் வரம்பு எடையில் 3%. சில பயோசெராமிக் சீலர்கள் ஆய்வகச் சோதனைகளில் அதைத் தாண்டியிருக்கின்றன. மறுபடி ரூட் கெனால் செய்ய நேர்ந்தால் சுரண்டி எடுப்பதும் கஷ்டம்.

எக்ஸ்ரேயில் வேர் நுனி நரம்புக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தாலோ, நுனி அகலமாகத் திறந்திருந்தாலோ நான் பயோசெராமிக்கைத்தான் கேட்பேன். மற்றபடி ஏஎச் பிளஸ் போன்ற ரெசின் சீலரே போதும். எதை வைத்தாலும் பெயரைச் சிகிச்சை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசியால் மரத்த கீழுதடு மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால், "தானாகச் சரியாகும்" என்று காத்திருக்காமல் அன்றே போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வழிந்த பசையை முதல் ஓரிரு நாட்களில் எடுத்தால்தான் நரம்பு பிழைக்க நல்ல வாய்ப்பு.