‘இது இல்லாமல் கணினியில் வேலை செய்யாது’ என்று விற்கப்பட்ட அட்டை

யாழ்ப்பாணம் நகரில் ஹெட்போன் அம்பிளிபயர் (ஹெட்போனுக்கு ஒலியை வலுவாக்கித் தரும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு இது 22,000 ரூபாய்ப் பாடம்.

பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு கடை, பெயர் வேண்டாம். நான் கேட்டது வெறும் அம்பிளிபயர். அதன் பின்புறத்தில் ஒரு தகடு இருந்தது. தகட்டைக் கழற்றி, விரும்பினால் டாக் அட்டை ஒன்றைச் செருகலாம். எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றுவது டாக்கின் வேலை. “தம்பி, இந்த அட்டை இல்லாமல் கணினியில் வேலை செய்யாது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்” என்றார் கடைக்காரர். ஒலியை எவ்வளவு நுணுக்கமாகக் கையாளும் என்பதைச் சொல்லும் எண்கள் அவை. நானும் தலையாட்டினேன்.

அது பொய். மடிக்கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் ஏற்கெனவே ஒரு டாக் இருக்கிறது. இல்லாவிட்டால் அவற்றில் சத்தமே வராது. ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை அம்பிளிபயரின் சிவப்பு, வெள்ளைத் துளைகளில் செருகினால் பாட்டு வரும். பெட்டிக்குள் இருந்த கையேட்டிலேயே அந்தப் படம் இருக்கிறது. கடையில் அதைத் திறந்து பார்க்காதது என் மடத்தனம்.

வீட்டுக்கு வந்து, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் போட்டேன். அப்பா ஒலிநாடாவில் வைத்திருந்ததைக் கணினிக்கு மாற்றியது. தவில் ஓயும் இடங்களில் எல்லாம் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். முதலில் நாடாவைத்தான் குறை சொன்னேன். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றது. அம்பிளிபயருக்கும் சார்ஜருக்கும் தனித்தனியாக எர்த் இருக்க, அட்டையிலிருந்து மடிக்கணினிக்குப் போகும் யுஎஸ்பி வயர் இரண்டையும் இணைத்து ஒரு வளையம் ஆக்கிவிடுகிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அந்த வழியாகக் காதுக்கு வந்துவிடுகிறது.

கணினியின் ஒலி அமைப்பைத் திறந்தால் இன்னொன்று. அட்டை தருவது அதிகபட்சம் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உண்மையைச் சொன்னால் கேட்பதற்கு அது போதும். மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் இடையில் 16 பிட்டுக்கே 96 டெசிபல் வீச்சு உண்டு, சாதாரண ஒலிநாடா 60-ஐத் தாண்டுவதே அரிது. ஆனால் நான் காசு கொடுத்தது 192-க்கு.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “பெட்டியை உடைத்துவிட்டீர்களே தம்பி” என்று சிரித்தார். “அண்ணா, உடைக்காமல் எப்படிக் கேட்பது?” என்றேன். அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

மடிக்கணினியின் துளையிலேயே கரகரப்பு இருப்பவர்களுக்கும், மேசையில் ஒரு வயர் குறைந்தால் நிம்மதி என்பவர்களுக்கும் அம்பிளிபயருக்குள்ளேயே இருக்கும் நல்ல டாக் பயன்படலாம். அவர்களும் முதலில் அம்பிளிபயரை மட்டும் வாங்கிக் கைப்பேசியில் கேட்டுப் பாருங்கள். அட்டையைப் பிறகும் செருகலாம். தனியாக வாங்கிய டாக் என்றால் அம்பிளிபயரை மாற்றும்போதும் கூடவே வரும். இந்த அட்டை இந்தப் பெட்டிக்கு மட்டும்தான். நான் இப்போது கைப்பேசியில் செருகும் விரல் நீளச் சிறு டாக்கிலிருந்து வயர் இழுத்துக் கேட்கிறேன். துளி இரைச்சல் இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம் என்று பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தேன். ‘அம்பிளிபயர் – 1’ என்று எழுதி மொத்தத் தொகையைப் போட்டிருக்கிறார். அட்டை என்ற சொல்லே அதில் இல்லை.