பழைய கார் ஸ்டீரியோவில் பாட்டுக் கருவி: ஆக்ஸ் இணைப்பா, எஃப்எம் டிரான்ஸ்மிட்டரா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களின் ஸ்டீரியோவில் கையடக்க இசைக்கருவியை இணைக்க, பெரும்பாலும் ஆக்ஸ் இணைப்பு (கேபிள் வழியே நேரடியாக இணைப்பது), எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் என்ற இரண்டு வழிகளையே நாடுகிறார்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டருக்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் பாட்டு வானொலி அலையாக மாறியே ஸ்டீரியோவை அடைவதால், ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் உதிர்ந்து, ஜால்ராவின் மினுக்கம் மங்கிவிடுகிறது. கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு நெருக்கமாக அலைவரிசையை வைத்தால், பாட்டின் நடுவே அறிவிப்பாளரும் வந்து பேசுவார். காலியான அலைவரிசை ஒன்றைத் தேடிப் பிடித்தாலும், திருச்சியையோ மதுரையையோ நெருங்கும்போது அங்கே வேறொரு நிலையம் இருக்கக்கூடும். பிள்ளையார்பட்டிக்கு ஒருநாள் வாடகைக் காரில் போய்வர இது போதும்.

சொந்தக் காருக்கு ஆக்ஸ் இணைப்பையே நான் பரிந்துரைப்பேன். ஸ்டீரியோவின் பின்புறம் ஆக்ஸ் உள்ளீடோ, அடாப்டர் பொருந்தும் சிடி சேஞ்சர் (பல சிடிகளை மாற்றி மாற்றி இயக்கும் கருவி) துளையோ இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். டேஷ்போர்டைக் கழற்றத் தெரிந்த கார் எலெக்ட்ரீஷியனும் தேவை. அதன்பின் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள கேபிள் வழியே ஒலி நேராகச் செல்லும். கருவியை அதே காரில் சார்ஜ் செய்துகொண்டே கேட்டால் மட்டும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் ஆல்டர்னேட்டரின் (காரில் மின்சாரம் உண்டாக்கும் கருவி) கீச்சொலி ஸ்பீக்கரில் புகலாம். கேபிளுக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (இத்தகைய இரைச்சலைத் தடுக்கும் சிறு கருவி) ஒன்றை மாட்டினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.