‘வைட் ஃபெதர்ஸ்’: காஜாகூகூ குழுவின் முதல் இறுவட்டு

திருகோணமலை நகரில் பழைய இறுவட்டுகள் விற்கும் சிறிய கடையொன்றில், இங்கிலாந்தின் காஜாகூகூ குழு 1983இல் வெளியிட்ட முதல் தொகுப்பின் கீறல் விழாத பிரதியொன்று கிடைத்தது. புதிய அலை (நியூ வேவ்) எனப்பட்ட எண்பதுகளின் பாப் இசையில் இக்குழுவைப் போல விரைவாக ஏறி, அதே வேகத்தில் சரிந்தவர்கள் மிகச் சிலரே. அந்த ஏற்றத்துக்கும் சரிவுக்குமான காரணங்கள் இரண்டும் இந்தத் தொகுப்பிலேயே கேட்கின்றன என்பது என் எண்ணம்.

இத்தொகுப்பின் புகழ்பெற்ற ‘டூ ஷை’ பாடலைக் கைப்பேசியில் மட்டும் கேட்டவர்கள் இதை நல்ல ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். கைப்பேசியில் பாடகர் லிமாலின் குரலும் கீபோர்டின் மினுக்கமுமே எஞ்சும். உவர்மலையில் எங்கள் வீட்டுப் பழைய ஒலிபெருக்கிகளிலோ, பேஸ் கிற்றார் (தாழ்சுரக் கிற்றார்) வாசிக்கும் நிக் பெக்ஸ் பெருவிரலால் தந்தியைத் தட்டும் ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கிறது. பாடலை நடத்திச் செல்வது அந்த பேஸ் கிற்றார்தான்.

அக்காலத்தில் புகழ்பெற்ற பிரித்தானியக் குழுவான டுரான் டுரானின் நிக் ரோட்ஸ், தயாரிப்பாளர் கொலின் தேர்ஸ்டனுடன் சேர்ந்து தயாரித்த அப்பாடல், 1983 பெப்ரவரியில் பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. டுரான் டுரானுக்கே அந்த இடம் அடுத்த மாதந்தான் முதன்முறையாக வாய்த்தது. அமெரிக்காவிலும் பாடல் 5ஆம் இடம்வரை சென்றது. ஆனால் சுவரொட்டிகளிலும் தொலைக்காட்சியிலும் மக்கள் கண்டது இருநிறக் கூந்தல் கொண்ட லிமாலின் முகத்தைத்தான். அவ்வாண்டு முடியுமுன்னரே அவரைக் குழு நீக்கியது. பெக்ஸ் பாடிய ‘பிக் ஆப்பிள்’ 8ஆம் இடத்தை எட்டியபோதும், 1984இல் வந்த ‘ஐலண்ட்ஸ்’ தொகுப்புக்கு அந்த ஆதரவு தொடரவில்லை. பெயரைக் ‘காஜா’ என்று சுருக்கியும் பயனின்றி 1985இல் குழு கலைந்தது. இசையில் அவர்கள் பின்வாங்கவில்லை. முகத்தை நம்பி வாங்கியவர்கள் முகத்தோடு போய்விட்டார்கள்.

தொகுப்பில் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட வாத்திய இசை எனக்கு மிகவும் பிடித்தது. லிமால் வருவதற்கு முன் ‘ஆர்ட் நூவோ’ என்ற பெயரில் இயங்கிய குழுவின் மற்ற நால்வர், பாடகர் இல்லாமலும் ஓர் இசையைத் தாங்கக்கூடியவர்கள் என்பதற்கு அதுவே சான்று. ‘லைஸ் அண்ட் ப்ராமிசஸ்’ பாடலும் தாளக்கட்டில் உறுதியானது. ‘திஸ் கார் இஸ் ஃபாஸ்ட்’ மட்டும் சலிப்பூட்டுகிறது.

ஒரு பாட்டுக்காக மட்டும் தேடுபவர்களுக்கு எண்பதுகளின் பாடல்களைத் திரட்டித் தரும் ஏதேனும் ஓர் இறுவட்டே போதும். நம்மூர் இசைக்குழுக்களில் பேஸ் கிற்றார் பழகும் பிள்ளைகள் தயங்காமல் இதையே வாங்கலாம்.